ஐந்தரைக் கட்டை நாலு கட்டை ஆனது ஏன்? கனடா ரீல் டெக் ஒன்றை வெள்ளவத்தை ஸ்டீரியோவுடன் இணைத்தது

வெள்ளவத்தையில் ஒரு மாடிவீடு. 1980களின் கடைசியில் வாங்கிய ஜப்பான் அம்ப்ளிபயர் ஒன்றும் ஒரு சோடி ஸ்பீக்கரும் அங்கே இன்றைக்கும் நன்றாக வேலை செய்கின்றன. அவற்றோடு இணைப்பதற்காக ரொறன்ரோவில் இருந்து ஒரு பழைய டியாக் ரீல் டெக், அதாவது திறந்த சுருளில் உள்ள ஒலிநாடாவை ஓட்டும் கருவி, கப்பலில் வந்து சேர்ந்தது. இணைத்தார்கள். முதலில் சத்தமே இல்லை. பிறகு வந்த சத்தம் கரகரத்தது. கரகரப்புக்குள் கேட்ட குரல் வீட்டார் அறிந்த குரலாக இல்லை. வலது ஸ்பீக்கரில் யாரோ புரியாத மொழியில் முணுமுணுத்தார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். பார்க்க வந்த திருத்துநர், ஹெட் (நாடாவில் உள்ள ஒலியை வாசிக்கும் பாகம்) தேய்ந்துவிட்டது, மோட்டாரும் தளர்ந்துவிட்டது, பேசாமல் விற்றுவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஹெட் தேயவில்லை. மோட்டாரும் தளரவில்லை. டெக்கில் பழுது என்று சொல்லக்கூடியதாக இருந்தது பின்பக்கத் துளைகளில் பிடித்த களிம்பும் இறுகிப்போன ஒரு பெல்ட்டும் மட்டுமே. மற்ற எல்லாத் தொல்லையும் டெக்குக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் இருந்தவை: பொருந்தாத துளை, பொருந்தாத மின்சாரம், பொருந்தாத தடம். பழைய டெக் ஒன்றைத் தூக்கி எறிவதற்கு முன் அந்த நடுப்பகுதியைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று நான் நினைப்பதால் இந்த ஒரு நிகழ்வைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பின்னணி

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை. அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவர் ரீச்சர்தான். அவருடைய அம்மாவும் பாடுபவர். அப்பா 1960களில் ஒரு கிரண்டிக் ஸ்பூல் ரெக்கோடர் வைத்திருந்து, நவராத்திரிக் கச்சேரி, வீட்டுப் பயிற்சி, பிள்ளைகளின் மழலை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் பதிந்திருக்கிறார். 1977க்கு முன்னர் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்த காலத்தில் வீட்டில் ஒரு ரெக்கோடர் இருந்ததே பெரிய விஷயம். அந்த கிரண்டிக் எப்போதோ கை மாறிவிட்டது. ஐந்தங்குல ஸ்பூல்கள் மட்டும் ஒரு பிஸ்கட் தகரத்தில் மிஞ்சின. ஒன்றிரண்டின் பெட்டியில் 'றேடியோ சிலோன்' என்று பேனாவால் எழுதியிருக்கிறது. நிலையம் 1967இல் கூட்டுத்தாபனமான பிறகும் சனங்கள் பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருந்ததால் அதை வைத்து ஆண்டைத் தீர்மானிக்க முடியாது.

ரீச்சரின் தம்பி ரொறன்ரோவில் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் இந்த டெக்கை வாங்கி அனுப்பியிருந்தார். 1970களின் தயாரிப்பு. ஏழங்குல ரீல் வரை போடலாம். மூன்று மோட்டார், மூன்று ஹெட், கால் தட ஸ்டீரியோ. வேகம் இரண்டு: விநாடிக்கு 19 செ.மீ., 9.5 செ.மீ. பின்தட்டில் 117 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் (மின்சாரம் விநாடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற எண்) என்று அச்சிட்டிருந்தது. அனுப்பியவர் 117ஐப் பார்த்திருக்கிறார். 60ஐ யாரும் பார்க்கவில்லை.

சத்தம் வராத முதல் நாள்

இது சின்ன விஷயம், சீக்கிரம் முடித்துவிடலாம். மூன்று ஹெட் உள்ள டெக்கில் பதியும் ஹெட்டும் வாசிக்கும் ஹெட்டும் வேறு வேறு. பதியும்போதே பதிந்ததைக் கேட்டுப் பார்க்கலாம் என்பதற்காக முன்பக்கத்தில் 'டேப்', 'சோர்ஸ்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். சோர்ஸில் விட்டால் உள்ளே வரும் ஒலிதான் வெளியே போகும். உள்ளே வரும் துளையில் ஒன்றும் செருகாதபோது வெளியே போவதும் ஒன்றுமில்லை. நாடா பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். சுவிட்சை டேப் பக்கம் தட்டியதும் சத்தம் வந்தது, இடது பக்கம் மட்டும். வலது துளையில் பச்சைக் களிம்பு. கடலுக்கு இவ்வளவு கிட்ட இருக்கும் வீட்டில் செம்பும் பித்தளையும் அப்படித்தான் ஆகும். கொன்டாக்ட் கிளீனர் கொஞ்சம் அடித்து, வயரின் முனையைச் செருகியபடியே சில தடவை திருகியதும் அதுவும் சரியாகிவிட்டது.

கரகரப்பு: பொருந்தாத துளை

அம்ப்ளிபயரின் பின்னால் நாலு சோடித் துளைகள்: ஃபோனோ, டியூனர், சிடி, டேப். டியூனரில் றேடியோ இருந்தது. சிடி என்ற துளையில் டிவி. டேப்பில் ஓடாத கசெட் டெக் ஒன்று, பல வருடமாக எடுக்காமல் கிடந்தது. ஃபோனோ மட்டும் காலி. காலியாக இருந்த துளையில் செருகினார்கள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

ஃபோனோ என்பது இசைத்தட்டுக்கு மட்டுமான துளை. தட்டின் ஊசியில் இருந்து வரும் சமிக்ஞை வெறும் 3, 4 மில்லிவோல்ட். ரீல் டெக் தன் உள்ளேயே பெருக்கி வெளியே விடுவது 300 மில்லிவோல்ட்டில் இருந்து அரை வோல்ட் வரை, சிலவற்றில் அதற்கும் மேல். நூறு மடங்கு கூடிய ஒன்றை அந்தத் துளைக்குள் விட்டால் முதல் ட்ரான்சிஸ்டரிலேயே அலையின் தலையும் காலும் வெட்டுப்பட்டுவிடும். அதுதான் கரகரப்பு. ஒலியளவைக் குறைத்தாலும் போகாது, ஏனென்றால் வெட்டுப்படுவது வால்யூம் குமிழுக்கு முன்னால்.

இன்னொன்றும் உண்டு. இசைத்தட்டு வெட்டும்போது தாழ் ஓசையைக் குறைத்தும் உயர் ஓசையைக் கூட்டியும் வெட்டுவார்கள். ஃபோனோ துளை அதைத் திருப்பிப் போடும். 1000 ஹேர்ட்ஸை நடுவாக வைத்தால் 50 ஹேர்ட்ஸ் சுமார் 17 டெசிபெல் கூடும், 10,000 ஹேர்ட்ஸ் சுமார் 14 டெசிபெல் குறையும். இசைத்தட்டுக்கு அது நியாயம். டெக் தனக்குரிய ஓசைச் சமன்பாட்டை (உயர், தாழ் ஓசைகளைச் சரிக்கட்டுவதை) ஏற்கனவே உள்ளே செய்துவிட்டுத்தான் சத்தத்தை வெளியே தருகிறது. அதன்மேல் இதுவும் ஏறினால் மிருதங்கத்தின் இடந்தலை வீங்கிப்போகும், தம்புராவின் ரீங்காரம் காணாமல் போகும். உயர் ஓசை இல்லாத மங்கலான சத்தத்தைக் கேட்ட திருத்துநர் ஹெட் தேய்ந்துவிட்டது என்று சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. தேய்ந்த ஹெட்டும் அப்படித்தான் கேட்கும். ஆனால் ஹெட்டை ஒரு லென்ஸ் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்: நாடா உராயும் இடத்தில் மெல்லிய மினுக்கம் மட்டுமே, பள்ளம் இல்லை.

ஓடாத கசெட் டெக்கைக் கழற்றி ஒதுக்கினோம். டிவியின் வயர் டேப் துளைக்குப் போனது, ரீல் டெக் சிடி துளைக்கு வந்தது. பெயர் சிடி, ஆக்ஸ், டியூனர், டேப் எதுவாக இருந்தாலும் சரி, ஃபோனோவும் மைக்கும் தவிர எல்லாமே ஒரே மட்டத் துளைகள்தாம். டெக்கை டேப் துளையில் செருகாமல் சிடியில் செருகியதற்குக் காரணம் பின்னால் வரும்.

சுருதி

கரகரப்பு நீங்கி ஒலி தெளிந்ததும் ரீச்சர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு எழுந்து போய்ச் சுருதிப்பெட்டியை எடுத்து வந்தார். "தம்பி, அம்மா அஞ்சரைக் கட்டையிலதான் பாடுவா. இது நாலு கட்டையில நிக்குது. ஆளும் இழுத்து இழுத்துப் பாடுற மாதிரி இருக்கு" என்றார்.

இந்த ஆய்வில் மிகப் பெறுமதியான அளவீடு அதுதான். எந்தக் கருவியும் அவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்காது. கட்டை என்பது பாடுபவரின் ஆதார சுருதியைச் சொல்லும் அளவு. ஐந்தரையில் இருந்து நாலு கட்டைக்கு இறங்கினால் மூன்று அரைச்சுரம். 60 ஹேர்ட்ஸுக்குச் செய்த ஏசி மோட்டாரை நம்முடைய 50 ஹேர்ட்ஸில் ஓட்டினால் அது ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடும். அந்த விகிதத்தைச் சுரத்தில் கணக்கிட்டால் மூன்று அரைச்சுரமும் ஒரு சொட்டும். மோட்டார் தளர்ந்திருந்தால் வேகம் ஆடும், சூடேறச் சூடேற மாறும், குரல் அலையும். இங்கே ஆட்டமே இல்லை, சுருதி சுத்தமாக நாலு கட்டையிலேயே நின்றது. தளர்ந்த மோட்டாருக்கு அந்த ஒழுக்கம் வராது. இது மின்சாரம் சொல்லும் வேகத்தில் சரியாக ஓடும் நல்ல மோட்டார். அதற்குச் சொல்லப்பட்ட வேகம்தான் வேறு.

117 வோல்ட் டெக்கை இங்கே ஓட்டுவதற்காகக் கடையில் ஒரு ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்போமர் வாங்கியிருந்தார்கள். அது வோல்ட்டை மட்டும்தான் மாற்றும். 230 உள்ளே போனால் 115 வெளியே வரும், ஆனால் 50 ஹேர்ட்ஸ் 50 ஆகவே இருக்கும். இது எல்லா டெக்குக்கும் பொருந்தும் என்றும் இல்லை. ரெவொக்ஸ் ஏ77 போன்றவற்றில் கேப்ஸ்டன் (நாடாவை இழுக்கும் தண்டு) மோட்டாரின் வேகத்தை உள்ளே இருக்கும் ஒரு சுற்று தானே அளந்து கட்டுப்படுத்துகிறது. அவற்றுக்கு வோல்ட் சரியாக இருந்தால் போதும். ஏசி மோட்டார் வைத்த டெக்குகளில் சிலவற்றில் 50/60 என்று மாற்றும் சுவிட்சோ இரண்டு படி உள்ள கப்பியோ இருக்கும். இதில் இரண்டும் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் உறவினரிடம் டெக் வாங்கச் சொல்பவர்கள் பின்தட்டின் படத்தை முதலில் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது. கனடா, அமெரிக்கா என்றால் 60. இங்கிலாந்து, ஜேர்மனி என்றால் 50, வோல்ட்டும் நம்முடையதுக்குக் கிட்ட.

கடையில் வாங்கிய அந்த ட்ரான்ஸ்போமரில் வேறொரு வில்லங்கமும் இருந்தது. டெக்கின் உலோக உடலில் புறங்கையை வைத்தால் 'சுர்ர்' என்றது. மல்ட்டிமீட்டரால் அதன் உள்வரும் முனையையும் வெளிவரும் முனையையும் தொட்டுப் பார்த்தபோது இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இருந்தது. அப்படியானால் உள்ளே ஒரே சுற்றுத்தான், நடுவில் இருந்து ஒரு வயரை வெளியே எடுத்திருக்கிறார்கள். மலிவானவை பெரும்பாலும் அப்படித்தான். லைவும் நியூட்ரலும் இடம் மாறினால் டெக்கின் இரண்டு வயருமே நிலத்தோடு ஒப்பிட 115 வோல்ட்டிலோ அதற்கு மேலேயோ நிற்கும். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதுதானே என்று விட்டுவிடக் கூடாது. இரண்டு சுற்றும் பிரிந்த, 100 வாட்டுக்கு மேல் தாங்கும் வேறொன்றைப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடி வாங்கினோம். அதில் 100 வோல்ட்டுக்கும் தனி முனை இருந்தது நல்லதாகப் போயிற்று. 60 ஹேர்ட்ஸ் மோட்டாரை 50இல் ஓட்டும்போது முழு 117 வோல்ட்டையும் கொடுத்தால் இரும்பு மையம் நிறைவுற்று மோட்டார் தேவைக்கு மேல் சூடேறும். அதே ஆறில் ஐந்து கணக்குப்படி 97, 98 வோல்ட் போதும். வேகம் மாறாது, சூடு மட்டும் குறையும்.

60 ஹேர்ட்ஸை எங்கே வாங்குவது?

மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, கப்பியைப் பெரிதாக்குவது. மோட்டார் தண்டில் இருக்கும் கப்பியின் விட்டத்தை 1.2 மடங்காக்கினால் கேப்ஸ்டன் பழைய வேகத்துக்கு வந்துவிடும். மோட்டாரின் கெப்பாசிட்டரையும் கூட்ட வேண்டும். பஞ்சிகாவத்தைப் பக்கத்தில் ஒரு லேத் பட்டறையில் பித்தளையில் கடைந்து தருவார்கள். ஆனால் தண்டின் மையத்தில் இருந்து மயிரிழை விலகினாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் சுருதி ஏறி இறங்கும். வாகன பாகம் கடைபவருக்கு அந்த நுணுக்கத்தைப் புரியவைப்பது தனி வேலை. இரண்டாவது, மெதுவாக ஓடுவதை அப்படியே கணினியில் பதிந்து, பிறகு மென்பொருளில் 1.2 மடங்கு வேகப்படுத்துவது. கோப்பாக்கி வைக்க மட்டும் என்றால் இது போதும். ஓசைச் சமன்பாடு கொஞ்சம் விலகும், ஆனால் பேச்சுக்கும் பாட்டுக்கும் அது பெரிய குறையாகத் தெரியாது. ரீச்சருக்கு வேண்டியது கோப்பு மட்டும் அல்ல. டெக் சுற்ற, கதிரையில் இருந்து கேட்க வேண்டும்.

மூன்றாவது வழி வீட்டிலேயே இருந்தது. 2022 மின்வெட்டுக் காலத்தில் கொழும்பில் பலரும் வாங்கிய மாதிரி இவர்களும் ஓர் இன்வேர்ட்டரும் பற்றரியும் வாங்கியிருந்தார்கள். அது சுத்த சைன் அலை தருகிற வகை, பக்கவாட்டில் 50/60 என்று ஒரு குட்டிச் சுவிட்ச். அதை 60இல் வைத்து, சுவர் மின்சாரத்தைக் கழற்றி, பற்றரியில் மட்டும் ஓட்டினால் 230 வோல்ட் 60 ஹேர்ட்ஸ் கிடைக்கும். அதைப் புதிய ட்ரான்ஸ்போமருக்குக் கொடுத்தால் மறுபக்கம் 115 வோல்ட் 60 ஹேர்ட்ஸ், கிட்டத்தட்ட ரொறன்ரோ மின்சாரமேதான். இப்போது மோட்டாருக்கு முழு வோல்ட்டும் வேண்டும் என்பதால் 100 முனையில் இருந்து மாற்றிக்கொண்டோம். சுவர் மின்சாரத்தைக் கழற்றாவிட்டால் இந்த மாதிரி இன்வேர்ட்டர்கள் அதையே அப்படியே வெளியே விடும், டெக் மறுபடி நாலு கட்டைக்கு இறங்கிவிடும். சைன் அலைக்குப் பதிலாகப் படிக்கட்டு அலை தருகிற மலிவு இன்வேர்ட்டர் இதற்கு ஆகாது. மோட்டார் உறுமும், அந்த உறுமல் ஸ்பீக்கரிலும் கேட்கும். கேட்டு முடிந்ததும் சுவிட்சை 50க்குத் திருப்ப மறக்க வேண்டாம் என்று இன்வேர்ட்டரின் மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறோம். வீட்டு மின்விசிறியும் அதில்தான் ஓடுகிறது.

வேகம் இப்போது சரிதானா என்று பார்க்கச் சுருதிப்பெட்டி போதும். ஐந்தரையில் வந்து நின்றது. இருந்தாலும் இன்னொரு சாட்சி நாடாவுக்குள்ளேயே இருந்தது. அப்பாவின் மைக் வயரில் அந்தக் காலத்து மின் இரைச்சல் மெல்லியதாகப் பதிந்திருந்தது. போனில் அலைவரிசைகளைக் கோடுகளாகக் காட்டும் செயலியை வைத்துப் பாட்டு இல்லாத இடத்தில் பார்த்தால், மெதுவாக ஓடியபோது 83 ஹேர்ட்ஸில் நின்ற கோடு இப்போது 100க்கு வந்திருந்தது. கொழும்பு மின்சாரம் அன்றும் 50 ஹேர்ட்ஸ், அதன் இரட்டிப்பு 100. அந்த கிரண்டிக்கே கொஞ்சம் மெதுவாக ஓடியிருந்தாலும் இந்தக் கோட்டை 100இல் நிறுத்தினால் அந்தப் பிழையும் சேர்ந்து திருந்திவிடும் என்பது இதன் அழகு.

வலது ஸ்பீக்கரில் முணுமுணுப்பு

வீட்டில் இதைப் பற்றிப் பல கதைகள் உலாவின. பழைய பதிவின்மேல் புதிதாகப் பதிந்ததில் பழையது கசிகிறது என்று ஒருவர். பேரப்பிள்ளை ஒன்று அது பேய் என்றே முடிவு செய்துவிட்டது. உண்மையில் அது அதே நாடாவின் மறுபக்கம், பின்னோக்கி ஓடியது.

கால் அங்குல நாடாவின் அகலத்தை மேலிருந்து கீழாக நாலு தடமாக எண்ணிக்கொள்ளுங்கள். கால் தட ஸ்டீரியோ டெக்கின் ஹெட் முதலாவது தடத்தை இடது பக்கமாகவும் மூன்றாவதை வலது பக்கமாகவும் வாசிக்கும். நாடாவைத் திருப்பிப் போட்டால் நாலாவதும் இரண்டாவதும் அந்த இடங்களுக்கு வரும். அப்பாவின் கிரண்டிக் அரைத் தட மொனோ. அது ஒரு பக்கத்துக்கு நாடாவின் மேல் பாதி முழுவதையும் எடுத்துக்கொள்ளும், அதாவது முதலாவதும் இரண்டாவதும். மறுபக்கம் கீழ்ப் பாதி, எதிர்த் திசையில். ஆகவே டியாக்கில் போட்டால் இடது காதில் முதல் பக்கம் ஒழுங்காகக் கேட்கும், வலது காதில் மறுபக்கம் தலைகீழாகக் கேட்கும்.

அம்ப்ளிபயரில் மொனோ பட்டன் இருந்தால் அதை அமுக்கத் தோன்றும். அமுக்கினால் இரண்டும் ஒன்றாகக் கலந்து இன்னும் மோசமாகும். செய்ய வேண்டியது, டெக்கின் இடது வெளியீட்டை மட்டும் எடுத்து, ஒன்று இரண்டாகப் பிரியும் வயரால் அம்ப்ளிபயரின் இரண்டு துளைக்கும் கொடுப்பது. கேட்பதற்கு அவ்வளவுதான். மறுபக்கத்துக்கு ஸ்பூலைத் திருப்பிப் போட வேண்டும். அரைத் தடத்தில் பாதியை மட்டும் வாசிப்பதால் இரைச்சலுக்கு மேலே குரல் நிற்கும் அளவு சுமார் 3 டெசிபெல் குறையும். கச்சேரிக்கு இது பரவாயில்லை.

கணினிக்கு எடுக்கும்போது இதிலிருந்தே ஒரு நன்மை கிடைத்தது. ஸ்பூலைத் திருப்பிப் போட்டால் வலது பக்கம் வாசிப்பது இரண்டாவது தடம், அதாவது முதல் பக்கத்துப் பதிவின் உட்பாதி, தலைகீழாக. மென்பொருளில் அதைத் திருப்பிவிட்டால் அதே பாட்டு இரண்டாவது முறையாகக் கிடைக்கிறது, அதுவும் நாடாவின் ஓரத்தைத் தொடாமல். பழைய நாடாக்களில் முதலில் கசங்குவது ஓரம்தான். இந்த ஸ்பூல்களில் சிலவற்றில் முதலாவது தடத்தில் சத்தம் அங்கங்கே விட்டு விட்டு வந்தது. அந்த இடங்களுக்கு இரண்டாவது தடத்தில் இருந்து எடுத்து ஒட்டினால் துளை தெரியவில்லை. பேய்க்கு நன்றி சொல்ல வேண்டியதாயிற்று.

டெக்கைச் சிடி துளையில் செருகிய காரணம் இங்கேதான் வருகிறது. அம்ப்ளிபயரின் டேப் பகுதியில் 'ரெக் அவுட்' என்று ஒரு சோடி வெளியீடு உண்டு. சிடி, டியூனர் போன்றவற்றில் வருவதை அது வால்யூம் குமிழுக்கு முன்னாலேயே வெளியே தரும். அதில் ஒலியைக் கணினிக்குள் அனுப்பும் யூஎஸ்பி பெட்டி (ஓடியோ இன்டர்ஃபேஸ்) ஒன்றைச் செருகி மடிக்கணினிக்கு எடுத்தோம். கேட்டுக்கொண்டே பதியலாம், வால்யூமைத் திருகினாலும் பதிவு மாறாது. டேப் துளையில் செருகியிருந்தால் பெரும்பாலான அம்ப்ளிபயர்களில் அது ரெக் அவுட்டுக்கு வராது. சுற்றி வந்து ஊளையிடாமல் இருக்க அப்படித்தான் செய்திருப்பார்கள். இரண்டாவது தடத்தைத் தலைகீழாக எடுக்கும்போது மட்டும் பிரிப்பு வயரைக் கழற்றி இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகச் செருக வேண்டும்.

'ம்ம்ம்'

இன்வேர்ட்டர் 60இல் ஓடுவது இரைச்சலைத் துப்பறியவும் உதவியது. டெக்குக்குள் இருந்து வரும் இரைச்சல் என்றால் செயலியில் கோடு 60இலும் 120இலும் எழ வேண்டும். வீட்டு மின்சாரத்தோடு சம்பந்தப்பட்டது என்றால் 50, 100. நாடாவை நிறுத்திவிட்டுப் பார்த்தபோது 50, 100இல்தான் எழுந்தது. அப்படியானால் டெக் நிரபராதி. டிவியின் சிவப்பு வெள்ளை வயரைக் கழற்றினோம், இரைச்சலில் பெரும் பங்கு போய்விட்டது. கூரையில் இருக்கும் டிஷ் அன்டெனாவின் வயர் டிவி வழியாக அம்ப்ளிபயருக்கு ஒரு நிலத்தொடர்பைக் கொண்டு வந்து வளையம் போட்டிருந்தது. மிச்சமும் அடங்க, டெக்கின் உடலில் இருந்து ஒரு மெல்லிய வயரை அம்ப்ளிபயரின் நிலத் திருகாணிக்கு இழுத்தோம். இசைத்தட்டுக்காரர்களுக்கென்று வைத்த திருகாணி அது, யாருக்கும் உதவும். மூன்று முள் பிளக்கின் நில முள்ளை வெட்டி இரைச்சலை நிறுத்தும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதை மட்டும் செய்ய வேண்டாம்.

கிரண்டிக் இன்னும் வீட்டில் இருப்பவர்களுக்கு

இந்த வேலையைப் பற்றிக் கேள்விப்பட்டு ஒருவர் தன் பழைய ஐரோப்பிய ரெக்கோடரைப் பற்றிக் கேட்டார். அதில் சிவப்பு வெள்ளைத் துளைகள் இருக்காது. ஐந்து முள் கொண்ட வட்டமான டின் (DIN) துளைதான் இருக்கும். வரிசையில் பார்த்தால் முள்களின் எண் 1, 4, 2, 5, 3 என்று போகும். நடுவில் உள்ள 2 நிலம். 3 இடது வெளியீடு, 5 வலது வெளியீடு. 1, 4 இரண்டும் பதிவதற்கு உள்ளே வருபவை. கேட்பதற்கு மட்டும் என்றால் 3, 5, 2 ஆகியவற்றில் இருந்து வயர் எடுத்தால் போதும், அது எந்த சாதாரணத் துளைக்கும் பொருந்தும். பதிய வேண்டும் என்றால் கவனம்: அந்த உள்வரும் முள்கள் எதிர்பார்ப்பது மில்லிவோல்ட் கணக்கில் மிகச் சிறிய சமிக்ஞை. இன்றைய கருவியின் வெளியீட்டை நேரே கொடுத்தால் வெடித்துக் கேட்கும், நடுவில் பெரிய ரெசிஸ்டர் ஒன்றைப் போட வேண்டும்.

கடையில் போய் ஐந்து முள் வயர் கேட்டால் கீபோர்ட்டுக்கான மிடி வயரைத்தான் எடுத்துத் தருவார்கள். முகம் ஒன்றுதான். உள்ளே பெரும்பாலும் 4, 5, 2 மட்டும்தான் இணைந்திருக்கும். 3 இல்லாததால் இடது பக்கம் ஊமையாகிவிடும், பிறகு அதற்கும் ரெக்கோடரைத்தான் குறை சொல்வார்கள். முள்ளை மட்டும் வாங்கி ஈயம் வைத்து ஒட்டிக்கொள்வது உத்தமம். அப்புறம், பல வருடம் ஓடாத எந்த டெக்கையும் முதல் தடவை நேரே சுவரில் செருக வேண்டாம். 60 அல்லது 100 வாட் பழைய இழை பல்ப் ஒன்றைத் தொடரில் போட்டு ஏற்றிப் பாருங்கள். பல்ப் ஒரு கணம் எரிந்து மங்கினால் சரி. பிரகாசமாகவே எரிந்தால் உள்ளே எங்கோ ஷோர்ட். எல்ஈடி பல்ப் இதற்கு உதவாது.

நாடாக்கள்

கொழும்பின் ஈரம் நாடாவுக்கு எதிரி. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். சுற்றின் பக்கவாட்டில் வெளிச்சம் ஊடுருவினால் அது அசெற்றேட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக் நாடா, காய்ந்து உடையக்கூடியது, வினாகிரி மணக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை அந்த வகை இல்லை. 1970களின் நடுவில் இருந்து வந்த சில நாடாக்களில் பசை ஈரத்தை உறிஞ்சி ஹெட்டில் பிசின் மாதிரி ஒட்டும் நோய் உண்டு. இவை அதற்கு முந்தியவை என்பதால் தப்பின. சில ஸ்பூல்களில் வெள்ளைப் பூஞ்சணம். அவற்றை வெளியே, முகக்கவசம் போட்டுக்கொண்டு, மெல்லிய துணியால் துடைத்த பிறகுதான் டெக்கில் ஏற்றினோம். வேகமாகச் சுற்றவே இல்லை. ஒவ்வொரு ஸ்பூலுக்கும் முன்னால் ஹெட்டையும் நாடா தொடும் உலோகங்களையும் ஐசோபுரோபைல் அல்கஹோலால் துடைத்தோம். பஞ்சு பழுப்பாகாமல் வரும் வரைக்கும்.

இப்போதைய நிலை

பெரும்பாலான ஸ்பூல்கள் கேட்டும் பதிந்தும் முடிந்துவிட்டன. பூஞ்சணம் ஆழமாகப் போன ஒன்றை ஒதுக்கி வைத்திருக்கிறோம். அதை இந்த வீட்டுக் கருவியில் ஓட்டிப் பார்ப்பது வீண் துணிச்சல். இன்னொன்று விநாடிக்கு 4.75 செ.மீ. வேகத்தில் பதிந்தது. டியாக்கில் அந்த வேகம் இல்லாததால் 9.5இல் ஓட்டிப் பதிந்து கணினியில் பாதியாக்க வேண்டியதுதான். இரட்டை வேகத்தில் எல்லோரும் அணில்கள் மாதிரிக் கீச்சிட்டதைக் கேட்டுப் பேரப்பிள்ளைகள் அதை மாற்றவே வேண்டாம் என்கிறார்கள்.

கப்பி கடைவிக்கட்டுமா என்று ரீச்சர் கேட்டார். இவ்வளவு ஸ்பூலுக்காக அது தேவையில்லை என்பது என் எண்ணம். பற்றரியில் ஓட்டினால் ஒரு பக்கம் அரை மணித்தியாலம்தான், அதற்கு அந்தப் பற்றரி தாராளம். அவருக்கு அந்தப் பதில் அவ்வளவு பிடித்ததாகத் தெரியவில்லை. ரொறன்ரோத் தம்பி இதற்கிடையில் இன்னொரு டெக்கைப் பார்த்துவைத்திருக்கிறாராம், அரைத் தட ஹெட்டோடு. வாங்குவதற்கு முன் பின்தட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறோம். இன்னும் வரவில்லை.